மாமாவின் இரண்டு பாட்டரி வண்டி

மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு ரகமான துக்கங்கள் உண்டு. வண்டி பெருஞ் சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுவது ஒன்று. ஒரு சத்தமும் போடாமலே கிளம்ப மறுப்பது மற்றொன்று. முதல் துக்கத்தை எப்படியாவது சகித்துக்கொள்ளலாம். புகை வருகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, ஏதோ ஒன்று கழன்று நடு வீதியில் விழுகிறது. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. தெருவில் போகிறவர்களும் தலைக்கு ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார்கள். இரண்டாவது துக்கம் பொல்லாதது. நேற்று மாலை வரையில் ராஜா மாதிரி ஓடிய வண்டி, இன்று விடியற்காலையில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். ஏன் என்று அதுவும் சொல்லாது. அருகில் நிற்பவர்களுக்கும் தெரியாது.

இந்த இரண்டாவது ரகத் துக்கம் ஒன்றை 2023-ம் வருஷம் கார்த்திகை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் நேரில் காணும்படி நேர்ந்தது. என் மனைவியின் தாய்மாமா கோண்டாவிலில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. அவரிடம் ஒரு டொயோட்டா பிரியஸ் வண்டி இருக்கிறது. 2007-ம் வருஷத்து வண்டி. இலங்கைக்கு நேயர்களில் யாராவது போயிருந்தால் பார்த்திருப்பார்கள்: ஜப்பானிலே சில காலம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த இம்மாதிரி ஹைபிரிட் வண்டிகள் அங்கே ஏராளம். வரிச் சலுகை இருந்த காலத்தில் அவற்றை வாங்கினார்கள். 2020-ம் வருஷம் மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். 2025-ம் வருஷம் வரையில் அந்தத் தடை நீடித்தது. ஆகவே கையில் இருந்த கிழ வண்டிகளையே எல்லாரும் கண்ணுங் கருத்துமாய்க் காப்பாற்ற வேண்டியிருந்தது. மாமாவின் வண்டிக்கு வயது பதினாறு. அதை விற்றால் அதற்குப் பதிலாக வேறொன்று வாங்க அவரால் முடியாது.

மாமிக்குச் சிறுநீரகம் சரியில்லை. வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வரவேண்டும். இதிலே நாளை, நாளன்றைக்கு என்று தள்ளிப் போடுகிற பேச்சுக்கே இடமில்லை. அந்த வண்டியை மாமா உயிராக மதித்ததற்குக் காரணம் இதுதான்.

நான் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள். இரவெல்லாம் நல்ல மழை. காலை நாலரை மணிக்கு யாரோ என் தோளைத் தொட்டு எழுப்பினார்கள்.

"தம்பி, எழும்புங்கோ. கார் செத்துப் போச்சுது."

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மாமி கையில் சுடுதண்ணீர்ப் போத்தலும் ஒரு போர்வையும் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மாமா வண்டியின் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரியவில்லை, ஒரு 'டிக்' என்ற ஓசைகூடக் கிடையாது. கதவுகூடச் சாவியின் பொத்தானுக்குத் திறக்கவில்லையாம். சாவிக் கட்டைக்குள்ளே ஒளிந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவி, அதைப் போட்டுத்தான் சாரதிக் கதவைத் திறந்திருக்கிறார்.

மாமாவைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். மோட்டார் விஷயத்தில் அவர் சாமானிய மனுஷர் அல்ல. யுத்த காலத்தில், 1990-ம் வருஷத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோலும் வரக்கூடாது, பாட்டரியும் வரக்கூடாது என்று தடை இருந்தது அல்லவா? அந்த நாளில் ஊரார் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். மாமா அப்போது ஓர் ஆஸ்டின் ஏ-40 சோமர்செட் வாடகை வண்டி ஓட்டினார். 1950-களில் செய்த வண்டி. கார்புரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்புவது. சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. பாட்டரி இல்லையென்றால் முன்பக்கத்து ஓட்டையில் கைபிடியைச் சொருகி ஒரு சுற்று. அதுவும் பலிக்காவிட்டால் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளவேண்டியதுதான். இப்படிப் பிரசவ வலி எடுத்த பெண்களையும், காயம் பட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு எத்தனையோ இரவுகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் இப்போது அந்த ஜப்பான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அந்தச் சோமர்செட் எண்டால் கைபிடியைப் போட்டு ஒரு சுத்துச் சுத்தியிருப்பன். உதிலை ஓட்டை எங்கை கிடக்குது?" என்றார்.

"தள்ளிப் பார்ப்போமா, மாமா?" என்றேன் நான், என்னால் முடிந்த யோசனையாக.

தள்ளினோம். அது அசையவில்லை. அசையாது என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வண்டியில் நிறுத்தற் பூட்டு, அதாவது 'பி' என்கிற நிலை, மின்சாரத்தினால் பூட்டித் திறப்பது. மின்சாரம் செத்துவிட்டால் பூட்டு விழுந்தபடியே இருக்கும். பத்துப் பேர் சேர்ந்தாலும் தள்ள முடியாது. அப்படியே தள்ளி ஓட வைத்தாலும் எஞ்சின் கிளம்பப் போவதில்லை. ஏனென்றால் சக்கரம் சுழல்வதால் எஞ்சின் சுழலும் என்ற பழைய சம்பந்தமே இதில் இல்லை. முன் சக்கரங்களைத் தரையில் உருளவிட்டு இழுத்துச் செல்வதும் தப்பு. சக்கரம் உருண்டால் உள்ளே இருக்கும் மின்சார மோட்டார் சுழன்று, வேண்டாத இடத்தில் மின்சாரத்தை உற்பத்தி செய்துவிடும்.

மாமி எழுந்தார். "இஞ்சாருங்கோ, நீங்கள் அதோடை மல்லுக்கட்டுங்கோ. எனக்கு ஆறு மணிக்குப் படுக்கை. முன் வீட்டு ஓட்டோத் தம்பியைக் கூப்பிடுங்கோ" என்றார். குரலிலே பதற்றம் கொஞ்சமும் இல்லை. மூன்று சக்கர வண்டியில், பக்கவாட்டுச் சாரல் முகத்தில் அடிக்க, போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு மாமி புறப்பட்டார். நான் துணைக்குப் போனேன். தட்டாதெருச் சந்தி தாண்டும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "அந்தக் காருக்கு என்னவும் நடந்தால் இவர் தாங்க மாட்டார், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்கு ஒரு கராஜிலிருந்து ஒருவர் வந்து பார்த்தாராம். ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது மாமா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். வந்தவர் முன் மூடியைத் திறந்தார், எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், "ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது, ஐயா. மாத்த வேணும்" என்றார். அதற்கு அவர் சொன்ன விலை சில லட்சங்கள். வேண்டாமென்றால் வண்டியை இருக்கிற நிலையில் தாமே எடுத்துக்கொள்வதாகவும், ஒரு விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமி தம் கையிலிருந்த காப்புகளைப் பார்த்தார். மாமா கண்ணைத் திறக்காமலே, "அதைத் தொடவும் வேண்டாம், நினைக்கவும் வேண்டாம். காரைக் குடுத்துப் போடுவம்" என்றார்.

அன்று மத்தியானம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் மாமாவின் பேத்தி வந்தாள். கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பீடத்தில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். சனி, ஞாயிறு என்றால் பஸ் ஏறி அம்மம்மாவைப் பார்க்க வந்துவிடுவாள். தோள் பையை இறக்குவதற்கு முன்னால் விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மப்பா, அந்த ஆள் கார் லைற் ஏதாவது பத்திச்சுதெண்டு சொன்னவரோ?"

"ஒரு லைற்றும் பத்தேல்லைப் பிள்ளை. அது செத்துக் கிடக்குது எண்டுறன்."

"அப்ப பெரிய பற்றரி பழுதெண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

மாமா கண்ணைத் திறந்தார்.

நேயர்களே, இந்தக் கேள்வியிலே முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. ஆகையால், அந்தப் பெண் எங்களுக்கு விளக்கிய பிரகாரம், ஹைபிரிட் வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று சற்று நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹைபிரிட் என்பது இரண்டு குதிரை பூட்டிய வண்டி. ஒரு குதிரை பெட்ரோல் எஞ்சின். மற்றது மின்சார மோட்டார். இந்த ஜோடிப் பொருத்தம் புதிதல்ல; 1900-ம் வருஷ வாக்கிலேயே பெர்டினாண்ட் போர்ஷே என்பவர் வியன்னாவில் இப்படியொன்றைச் செய்து பார்த்தார். ஆனால் ஊரெல்லாம் ஓடும்படி விற்பனைக்கு வந்தது 1997-ம் வருஷம் டிசம்பர் மாதம், ஜப்பானில், பிரியஸ் என்ற பெயரோடுதான். மாமாவிடம் இருப்பது 2003-ம் வருஷம் வெளிவந்த இரண்டாவது தலைமுறை.

இதில் பாட்டரிகள் இரண்டு. பின் ஆசனத்துக்குப் பின்னால் கிடப்பது பெரியது. நிக்கல்-ஹைட்ரைடு என்ற ரகம். 7.2 வோல்ட் கட்டுகள் 28 வரிசையாக அடுக்கி, மொத்தம் 201.6 வோல்ட். வண்டியை நகர்த்துவதும், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புவதும், இறக்கத்திலும் பிரேக் பிடிக்கும்போதும் கிடைக்கும் சக்தியை வாங்கிச் சேமிப்பதும் இதனுடைய வேலை. இரண்டாவது, பின்புறச் சாமான் அறையின் மூலையில் ஒரு மூடிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் சிறிய பாட்டரி. சாதாரண 12 வோல்ட். மற்றக் கார்களில் இருப்பதைவிடச் சின்னது. விளக்கு, கதவுப் பூட்டு, கணிப்பொறிகள் ஆகியவற்றுக்கு மட்டும் இது சாப்பாடு போடும்.

சாதாரணக் காரிலே 12 வோல்ட் பாட்டரிதான் எஞ்சினைச் சுழற்றுகிறது. 1912-ம் வருஷம் காடிலாக் வண்டியில் மின்சார ஸ்டார்ட்டர் வந்த நாள் முதல் பாட்டரியால் சுழற்றுவது வழக்கமாகத் தொடங்கியது; கைபிடி சுற்றிக் கையை ஒடித்துக்கொண்ட காலம் அதோடு மலையேறத் தொடங்கியது. இந்த வண்டியில் அந்த ஸ்டார்ட்டரே கிடையாது. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பாட்டரி. ஆனால் பெரிய பாட்டரியை, வண்டி நிற்கும்போது, ஆபத்துக்குப் பயந்து பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் காந்த விசைகளை இயக்குவது சின்னப் பாட்டரி. கஜானா நிறையப் பணம் இருக்கிறது. சாவிக்காரன் மயங்கி விழுந்துவிட்டான். பிறகு கஜானாவில் பணமில்லை என்று யாராவது ஓடிவந்து சொன்னால், அவர் எப்படிக் கண்டார்?

பேத்தியின் கேள்விக்குப் பொருள் இதுதான். பெரிய பாட்டரி பழுது என்றால் வண்டி அதைத் தானே அறிவிக்கும். சிவப்பு முக்கோண விளக்கு எரியும். கணிப்பொறி தன் ஞாபகத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்கும். அந்தக் குறிப்பைப் படிக்க வேண்டுமானால் கணிப்பொறிக்கு உயிர் வேண்டும். ஒரு விளக்கும் எரியாத வண்டியில் யாருடைய வாக்குமூலத்தைக் கேட்டு அந்த மனிதர் தீர்ப்புச் சொன்னார்? அவர் வேண்டுமென்றே சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. மாமி அறியாமல்தான் என்கிறார். மாமி எப்போதுமே அப்படி.

இன்னொரு சங்கதியும் அந்தப் பெண் சொன்னாள். பழைய காரில் பாட்டரி சாகப் போகிறது என்றால் முன்கூட்டியே தெரியும். எஞ்சின் சுழலும்போது கிழவர் மாடி ஏறுவது போல் 'உர்... உர்...' என்று இழுக்கும். ஹைபிரிட்டில் சின்னப் பாட்டரிக்குக் கனமான வேலை இல்லாததால், கடைசி நாள் வரையில் ஒரு முனகலும் கேட்காது. ஒரு நாள் சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் இரண்டு மூன்று சேர்ந்து எரியும், கதவுப் பூட்டு சோம்பும், அவ்வளவுதான். மாமா யோசித்துப் பார்த்து, முந்திய வாரத்தில் இரண்டு தடவை பொத்தானை அமுக்கியபோது கண்ணாடித் திரை மினுங்கி மினுங்கி வந்ததை ஒப்புக்கொண்டார். மழையீரம் என்று நினைத்தாராம்.

அவள் தோள் பையிலிருந்து மின்சாரம் அளக்கும் சிறு மீட்டர் ஒன்றை எடுத்தாள். பின் கதவும் மின்சாரத்தால் திறப்பதாகையால் அது வெளியிலிருந்து திறக்காது. பின் ஆசனத்தின் மேல் ஏறிக் குதித்து, பின் கதவின் உட்புறத்திலுள்ள சின்னக் கொக்கியை இழுத்தால் திறக்கும். ஆனால் அதற்கும் அவசியம் இருக்கவில்லை. முன் மூடிக்குக் கீழே பியூஸ் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மூடியை எடுத்தால் சிவப்புப் பிளாஸ்டிக் தொப்பி போட்ட ஓர் உலோக முனை. பின்னால் கிடக்கும் சின்னப் பாட்டரியின் நேர்முனையை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், இம்மாதிரிச் சமயத்துக்காகவே. மீட்டரின் ஒரு கம்பியை அதில் வைத்து, மற்றொன்றை வண்டியின் இரும்பில் வைத்தாள்.

"பன்னிரண்டரைக்கு மேலை இருக்க வேணும். ஐஞ்சு புள்ளி எட்டு நிக்குது" என்றாள்.

மாமா எழுந்து மேல் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஓட்டோத் தம்பி வந்து சேர்ந்தார். மூன்று சக்கர வண்டியின் பாட்டரியும் 12 வோல்ட்தான். மோட்டார் சைக்கிளின் பாட்டரிகூடப் போதும் என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு யோசித்தால் நியாயமாகவே இருக்கிறது. எஞ்சினைச் சுழற்றுவதற்கல்லவா பெரிய பாட்டரி வேண்டும்? இங்கே உறங்குகிற சாவிக்காரனை எழுப்பத் தண்ணீர் தெளித்தால் போதும்.

மழை விட்டிருந்தது. தம்பி தம்முடைய எஞ்சினை நிறுத்திவிட்டுச் சிவப்பும் கறுப்புமான இரண்டு கம்பிகளைக் கொண்டுவந்தார். மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "உது எனக்குத் தெரியாத வேலையோ?" என்று கம்பிகளை வாங்கினார். மாலை வெளிச்சம் மங்கல். கண்ணில் புரை வேறு. சிவப்புக் கொக்கியை ஓட்டோவின் எதிர்முனையில் மாட்டப் போனார்.

பேத்தி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் கொக்கி கீழே விழுந்தது.

"அம்மப்பா! மாறிக் குடுத்தால் பியூஸ் எரியும். பியூஸோடை நிண்டால் அது எங்கடை புண்ணியம். நிக்காட்டி இன்வேட்டரும் போகும். பேந்து அந்த ஆள் சொன்ன காசு மெய்யாவே வேணும்!"

இன்வெர்ட்டர் என்பது பெரிய பாட்டரியின் நேர் மின்சாரத்தை மோட்டார்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி. விலையிலே பெரிய பாட்டரிக்குச் சற்றும் இளைத்ததல்ல. மாமா ஒன்றும் சொல்லவில்லை. கம்பியை எடுத்து அவள் கையிலே கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். சோமர்செட் வண்டி ஓட்டியவர் அப்படி நின்றதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

அவள் மாட்டிய வரிசையை நான் கவனமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். முதலில் சிவப்புக் கம்பியின் ஒரு முனை, பியூஸ் பெட்டியிலுள்ள அந்த உலோக முனையில். அதன் மறுமுனை, ஓட்டோப் பாட்டரியின் நேர்முனையில். பிறகு கறுப்புக் கம்பியின் ஒரு முனை, ஓட்டோப் பாட்டரியின் எதிர்முனையில். கடைசியாக அதன் மறுமுனை, மாமாவின் வண்டியில் வர்ணம் பூசாத ஓர் இரும்புப் பாகத்தில். கடைசி இணைப்பில் ஒரு சின்னப் பொறி பறக்கக்கூடும். அது பாட்டரிக்குத் தூரத்திலே பறக்கட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யவேண்டும். ஆரஞ்சு வர்ணக் குழாய் போட்ட கம்பிகள் அங்கே சில ஓடுகின்றன. அவற்றின் கிட்டே விரலைக் கொண்டுபோகக் கூடாது. 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்சாரம் ஆளைக் கொன்றுவிடும்.

ஐந்து நிமிஷம் காத்திருந்தோம். "இனி நீங்கள் ஏறுங்கோ, அம்மப்பா. பிரேக்கை மிதிச்சுக்கொண்டு பொத்தானை அமத்துங்கோ" என்றாள்.

மாமா ஏறினார், அமுக்கினார். திரையில் வெளிச்சம் வந்தது. பச்சை எழுத்தில் 'ரெடி' என்று தோன்றியது. சத்தம் ஒன்றும் இல்லை.

"எங்கை பிள்ளை, இன்னும் ஸ்ராட் எடுக்கேல்லையே?" என்றார் மாமா, பதினாறு வயது வண்டியைப் பல வருஷம் ஓட்டியவர், அந்தப் பதற்றத்தில் அதன் ஸ்வபாவத்தையே மறந்துபோய். சில விநாடி கழித்து எஞ்சின் தானாகவே மெல்ல முனக ஆரம்பித்தது. வாசற்படியில் நின்ற மாமி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாருக்கும் தேத்தண்ணீர் வந்தது.

திரையில் பெரிய பாட்டரியின் அளவு பாதிக்கு மேல் காட்டியது. சிவப்பு முக்கோணம் இல்லை. மீட்டரை வைத்தால் சின்னப் பாட்டரியில் பதினாலு வோல்ட்டுக்குச் சமீபம். அதாவது, பெரியவர் சின்னவருக்கு ஊட்ட ஆரம்பித்துவிட்டார். இந்த ஊட்டல் 'ரெடி' வெளிச்சம் எரியும் வரைதான் நடக்கும். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் நடக்கும். வெறுமே பொத்தானை அமுக்கி ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் நடக்காது, இருப்பதும் கரைந்துபோகும்.

ஆனாலும் அந்தக் கிழப் பாட்டரியை நம்பவேண்டாம் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஐந்து வோல்ட் வரையில் இறங்கினது பழையபடி தேறாது. மறுநாளே புதிது வாங்கினோம். இங்கேயும் ஒரு சங்கடம். கடைக்காரர் சாதாரணப் பாட்டரி ஒன்றைக் காட்டி, மலிவு என்றார். இந்த வண்டியிலோ பாட்டரி இருப்பது மனிதர்கள் உட்காரும் அறையோடு சேர்ந்த இடத்தில். மின்சாரம் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும்; அதை வெளியே கொண்டுபோக ஒரு சிறு குழாய் வைத்திருக்கிறார்கள். குழாய் மாட்டத் துளையுள்ள பாட்டரியே வேண்டும். குழாயை மறக்காமல் மாட்டவும் வேண்டும். அலைந்து பிடித்தோம். விலை, அந்தக் கராஜ்காரர் சொன்ன தொகையில் ஒரு சிறு பின்னம்.

சரி, பாட்டரி ஏன் செத்தது? வயது ஒரு காரணம். வாரத்தில் இரண்டே நாள், அதுவும் கொஞ்ச தூரம் ஓடுவது இரண்டாவது காரணம். மூன்றாவதை மாமியே கண்டுபிடித்தார். சாவிக் கட்டையை மாமா போர்ட்டிக்கோ ஜன்னலுக்கு உட்புறத்து ஆணியில் மாட்டுவது வழக்கம். அங்கிருந்து வண்டிக் கதவு ஒரு முழந்தான். இந்த வண்டியும் சாவியும் கம்பியில்லாத் தந்தியில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும் ஜாதி. சாவி கிட்டேயே தொங்கினால், இராப் பகலாய் 'நீதானா?' 'நான்தான்' என்று பேசிக்கொண்டேயிருக்கும். பேச்சுக்குச் செலவு சின்னப் பாட்டரியின் கணக்கில். சாவி இப்போது சாமி அறை ஆணிக்குப் போய்விட்டது.

பெரிய பாட்டரி சாகவே சாகாதோ என்றால், சாகும். மாமா 2022-ம் வருஷத்தில் அதை ஏறக்குறையக் கொன்றே பார்த்திருக்கிறார். இலங்கையில் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற வருஷம் அது. பிறகு ஜூலை மாதத்தில் சதுரக் குறியீட்டு அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்தார்கள். அதற்கு முந்திய வரிசை ஒன்றில் மாமியும் கூட இருந்தார். புழுக்கம் தாங்காமல் குளிர்காற்று இயந்திரத்தைப் போட்டிருந்தார்கள். வரிசை அடிக்கடி நகருவதால் மாமா 'பி'-யில் நிறுத்தாமல் 'என்'-னிலேயே விட்டிருந்தார். 'என்'-னில் எஞ்சின் ஓடினாலும் பெரிய பாட்டரிக்கு ஒரு துளி மின்சாரமும் ஏறாது. திரையில் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, கடைசி ஊதாக் கட்டங்கள் வரை வந்துவிட்டன. பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் ஜன்னலைத் தட்டிச் சொல்லியிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பெட்ரோல் முற்றும் தீர்ந்த பிறகும் 'ஓடுகிறதே' என்று மின்சாரத்தில் ஓட்டிக்கொண்டு போவது அதைவிட மோசம். பெரிய பாட்டரி அடியோடு வற்றிவிட்டால், பிறகு டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றினாலும் எஞ்சினைச் சுழற்ற ஆளில்லை. ஓட்டோத் தம்பியின் கம்பியும் அப்போது உதவாது. அதற்கென்று தனிக் கருவி வேண்டும்.

ஓட்டாமலே மாதக் கணக்கில் போட்டு வைத்தாலும் அது மெல்ல மெல்ல வற்றும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது அரைமணி நேரம் ஓட்டிவைக்க வேண்டும். பின் ஆசனத்து ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு காற்று வாய் இருக்கிறது. பெரிய பாட்டரி மூச்சு வாங்குவது அதன் வழியாகத்தான். மாமி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் போர்வையும் தலையணையும் நிரந்தரமாக அதன்மேல்தான் குந்தியிருந்தன! பேத்தி அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தபோது சல்லடையில் பஞ்சு படிந்திருந்தது.

மெய்யாகவே பெரிய பாட்டரி தளர்ந்தால், அளவுக் கட்டங்கள் சில நிமிஷத்தில் மேலே போய்ச் சில நிமிஷத்தில் விழும், எஞ்சின் ஓயாமல் ஓடும், பின்னாலிருந்து காற்றாடி இரையும், முக்கோணம் எரியும். அப்போதும் வாய் வார்த்தையை நம்பாமல், கணிப்பொறியின் குறிப்பைப் படித்துக் காட்டச் சொல்லவேண்டும். பி-0-ஏ-80 என்று வந்தால் நோய் பெரிய பாட்டரியில் என்று அர்த்தம். 28 கட்டுகளில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருக்கும். அவற்றை மட்டும் மாற்றித் தருகிறவர்களும் உண்டு. ஆனால் பழசும் புதுசும் கலந்தால், சில மாதத்தில் அடுத்த கட்டு மண்டையைப் போடுகிறதாம்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த ஓட்டோத் தம்பி, "ஐயா, ஒரு நாளைக்கு என்ரை பற்றரி இறங்கினால் நீங்கள் உங்கடை காரிலையிருந்து தருவியள்தானே?" என்று கேட்டார். மாமா வாய் திறப்பதற்குள் பேத்தி, "தரேலாது, அண்ணை" என்றாள். எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் ஒரே இழுப்பில் ஏராளமான மின்சாரம் கேட்கும். ஹைபிரிட்டின் சின்னப் பாட்டரியும், அதற்கு ஊட்டும் பெட்டியும் அதற்காக ஏற்பட்டவை அல்ல. வாங்கிக்கொள்ளலாம், கொடுக்க முடியாது என்பது அந்த வண்டியின் ஜாதகம். மாமாவுக்கு இது மிகவும் வெட்கமாய்ப் போய்விட்டது. மாலை ஒரு மாதத்துக்கு வேண்டிய தேங்காய்களை உரித்து ஒரு சாக்கில் கட்டி ஓட்டோவில் ஏற்றினார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாள். விடியற்காலை ஐந்து மணி. மாமி சுடுதண்ணீர்ப் போத்தலோடு முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார், போர்வை மடியில். மாமா சாமி அறைக்குப் போய் விபூதியும் பூசிக்கொண்டு சாவியோடு வந்தார். பிரேக்கை மிதித்தார்; பொத்தானை அமுக்கினார்; பச்சை எழுத்து வந்தது. இந்த முறை அவர் சத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. வண்டி ஓசையில்லாமல் படலையைத் தாண்டி வீதியில் இறங்கியது. மாமி மாத்திரம் திரும்பிப் பார்த்து, "தம்பி, அந்தப் படலையைச் சாத்திவிடுங்கோ, மாடு வரும்" என்றார்.